அண்ணனும் எழுதிய கணக்குப் பரீட்சை

அத்தியாயம் 9

ஆறு நாளாக ஜோயா வாயைத் திறக்கவில்லை. அவளுடைய பதினெட்டு வயதில் இது ஒரு சாதனை.

போன வியாழக்கிழமை அடையாறில் உள்ள கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் தன் இருக்கையைத் தேடிக்கொண்டிருந்தாள். முதல் வருஷம், முதல் செமஸ்டர், கால்குலஸ். பதினான்காம் எண் அறை, மூன்றாவது வரிசை, நூ. ஜோயா. அதற்கு நேர் கீழே இன்னொரு பெயர். நூ. வாஜித்.

அதே கல்லூரியில் நான்காம் வருஷம் படிக்கும் அவளுடைய அண்ணன்.

முதல் வருஷக் கால்குலஸை அவன் இன்னும் தாண்டவில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நான்கு முறை எழுதி, நான்கு முறையும் போய்விட்டது. இது ஐந்தாவது. செப்டம்பரில் ஒரு கம்பெனி அவனை கேம்பஸ் இன்டர்வியூவில் எடுத்தபோது, அத்தா நூர் முஹம்மது தி. நகரில் தன் மேட்சிங் துணிக்கடை இருக்கும் தெரு முழுக்க பாதுஷா கொடுத்தார். அரியர் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் பிப்ரவரியில் வேலையில் சேர முடியும் என்பதை வாஜித் அவரிடம் சொல்லவில்லை.

"பரீட்சை முடியற வரைக்கும் வாயத் தொறக்காத. அதுக்கப்புறம் இன்னா வேணா பண்ணிக்க" என்று அன்று அவன் கெஞ்சினான். ஜோயா வாக்குக் கொடுத்தாள்.

இன்று புதன்கிழமை. பரீட்சை.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மாடி வீட்டில், காலை எட்டு மணிக்கே அம்மா ரூபீனா இரண்டாவது முறையாக தோசைக் கல்லைக் காயவைத்திருந்தாள்.

"வாஜித்து, தங்கச்சிய காலேஜ்ல வுட்டுட்டு நேரா கடைக்கு வந்துடு" என்றார் நூர் முஹம்மது, சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "பத்து மணிக்கு லைனிங் துணி பேல் வருது. கடைல வேலு ஒருத்தனால எறக்க முடியாது."

"ப்ராஜெக்ட் ரிவ்யூ கீது அத்தா. ஒரு மணி ஆயிடும்."

"போன வாரமே எல்லாம் முடிஞ்சிதுன்ன?"

"பரீட்சை முடிஞ்சிது. இது ரிவ்யூ."

ஜோயா தோசையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மேசை மேல் கால்குலேட்டர் இருந்தது. அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். ஆகஸ்டில் ஜோயா கல்லூரியில் சேர்ந்தபோது, "எனக்கு இனிமே எதுக்கு, நீயே வெச்சிக்க" என்று எல்லோர் முன்னிலையிலும் பெருந்தன்மையாகக் கொடுத்தது வாஜித்தான். இப்போது அவன் கை பழக்கத்தில் அதை எடுத்து சட்டைப் பைக்குள் போடப் போனது.

"அத எங்க எடுத்துனு போற? அவளுக்கு இன்னிக்கு பரீட்சை" என்றாள் ரூபீனா.

"பேட்டரி பாத்தேம்மா."

"நீ ஊருக்கெல்லாம் பேட்டரி பாரு."

நூர் முஹம்மது மகளின் தலையில் கை வைத்தார். "சுபுஹு தொழுதுட்டு, சூரியன் வந்தப்புறம் ரெண்டு ரக்அத் உனக்குன்னே தொழுதுட்டேன். பயப்படாத. பிஸ்மி சொல்லிட்டு எழுது."

வாஜித் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக நிறுத்திய தகரத் தடுப்புகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜோயா அவன் தோளில் தட்டினாள்.

"ரிவ்யூன்னு எப்படிணே கூசாம சொல்ற?"

"மூணு வருஷமா சொல்லிப் பழக்கம்."

"படிச்சியா?"

"பத்து வருஷ கொஸ்டின் பேப்பர் மொத்தமும் மனப்பாடம். கேளு."

"அஞ்சாவது யூனிட். டபுள் இன்டக்ரல்ல ஆர்டர் மாத்தற சம்."

"x ஸ்கொயர்லேந்து ரெண்டு மைனஸ் x. ஆன்ஸர் மூணு பை எட்டு."

"எப்படி வந்துச்சு மூணு பை எட்டு?"

"எப்படி வந்தா உனக்கின்னா? வந்துச்சு இல்ல?"

"படம் போட்டியா?"

"படம் போட டைம் ஏது? நேரா ஸ்டெப்புதான்."

"இதனாலதான் நாலு தபா போச்சு" என்றாள் ஜோயா. பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவளின் குரல் அது.

அவன் ஒரு தகரத் தடுப்பைச் சுற்றி வண்டியை வளைத்தான். பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னான். "நான் லெவன்த் படிச்சது அத்தாவோட போன்ல. ஞாபகம் கீதா? லாக்டவுன். லிமிட்னா இன்னான்னு சார் ஆரம்பிப்பாரு. அதே நேரம் கடை கஸ்டமர் போன் பண்ணுவாங்க, 'பாய், மெரூன் கலர் ஃபால்ஸ் கெடைக்குமா'ன்னு. வெச்சிட்டு உள்ள வந்து பாத்தா சார் அடுத்த சாப்டர்ல இருப்பாரு. பரீட்சையே இல்லாம ஆல் பாஸ் போட்டுட்டாங்க. எல்லாரும் குதிச்சோம். நானும் குதிச்சேன்."

ஜோயா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அடையாறு பாலத்தில் காற்று பலமாக இருந்தது.

"காலேஜ் வந்தப்ப, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்னு சொல்லிட்டு மேடம் ரெண்டாவது பக்கத்துலேந்து ஆரம்பிச்சாங்க" என்றான் அவன். "தெரியாதுன்னு கை தூக்க அறுபது பேர் நடுவுல எனக்கு தைரியம் வரல. அன்னிலேந்து மனப்பாடம்தான்."

கல்லூரி வாசலில் அவன் நண்பன் ஆசிஃப் ஒரு கால்குலேட்டரோடு நின்றிருந்தான்.

"மச்சி, இந்தா. ஏழு மட்டும் ரெண்டு தபா அமுத்தணும். பேட்டரி வீக்கா கீது, ஜன்னல் பக்கமா புடிச்சிக்க." ஜோயாவைப் பார்த்து, "இன்னாம்மா, கிளாஸ்மேட்டை கூட்டிக்கினு வந்தியா?" என்றான்.

ஜோயாவுக்குச் சிரிப்பு வந்தது. வாஜித்துக்கு வரவில்லை.

பதினான்காம் எண் அறையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை மெக்கானிக்கல் மாணவர்கள், அவர்களுக்கு வேறு பாடம். மூன்றாவது வரிசையில் எல்லோருக்கும் கால்குலஸ். மேற்பார்வைக்கு வந்த மேடம் வாஜித்தின் ஹால் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஃபைனல் இயரா? அரியரா?"

"ஆமா மேடம்."

முன்னால் நான்கு தலைகள் திரும்பின. ஜோயா திரும்பவில்லை. அதற்காக வாஜித் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. இரண்டு மார்க் கேள்விகளில் எட்டு தெரிந்தவை. மேட்ரிக்ஸ் கணக்கு அப்படியே பழைய வினாத்தாளில் இருந்தது. அவன் மனதில் ஓரமாக ஒரு கூட்டல் நடந்துகொண்டே இருந்தது. இருபத்தெட்டு. நாற்பது இருந்தால் கரை சேரலாம்.

பதினைந்து ஏ. x ஸ்கொயர் கண்ணில் பட்டது, மைனஸ் x கண்ணில் பட்டது. பேனா தானாகவே 'இரண்டு மைனஸ் x' என்று எழுதியது. பிறகுதான் வினாத்தாளைப் பார்த்தான்.

அங்கே இரண்டு இல்லை. ஆறு.

அவன் பேனாவை வைத்தான். ஆறு மைனஸ் x-க்கு அவனிடம் எந்த ஸ்டெப்பும் இல்லை. பத்து வருஷத்தில் எந்தப் பேப்பரிலும் அது வந்ததில்லை.

நிமிர்ந்தான். மேற்பார்வை மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு நேர் முன்னால் இருந்த ஜோயா, தாளைப் புரட்டுவதற்காக இடது பக்கம் சாய்ந்தாள். அவள் தாள் ஒரு நொடி முழுசாகத் தெரிந்தது. அதே பதினைந்து ஏ. கடைசி வரியில் ஸ்கேல் வைத்துப் போட்ட அழகான பெட்டிக்குள் விடை.

மூன்று பை எட்டு.

வாஜித்துக்குக் குழப்பம் வந்தது. தங்கை பள்ளியில் முதல் மாணவி. அவள் மூன்று பை எட்டு என்றால், ஒருவேளை ஆறோ இரண்டோ எது வந்தாலும் அதுதான் விடையா? எழுதிவிடலாம். ஸ்டெப் மனப்பாடம், விடையும் மனப்பாடம், தங்கையும் அதையே போட்டிருக்கிறாள். ஐந்து நிமிஷ வேலை.

மறுபடியும் வினாத்தாளைப் படித்தான். ஆறுதான்.

வேறு வழியில்லாமல் அவன் படம் போட்டான். மூன்று வருஷத்தில் முதல் முறை. ஒரு வளைகோடு மேலே ஏறியது. ஒரு நேர்கோடு ஆறிலிருந்து சரிந்து இறங்கியது. இரண்டும் எங்கே முட்டுகின்றன என்று பார்த்தான். x இரண்டு, y நாலு. நடுவில் அடைபட்ட இடத்தை பென்சிலால் நிழலடித்தான். குறுக்காகக் கோடு இழுத்துப் பார்த்தபோது, நாலுக்குக் கீழே கோடு வளைவில் போய் முடிந்தது, நாலுக்கு மேலே சரிவில் போய் முடிந்தது.

ஓ. அதனால்தான் இரண்டாகப் பிரிக்கிறார்களா?

மூன்று வருஷமாக 'இரண்டாகப் பிரிக்க' என்ற வரியை அவன் மனப்பாடமாக எழுதியிருக்கிறான். ஏன் என்று இன்றுதான் தெரிந்தது. ஹாலில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கீழ்ப் பகுதிக்கு முப்பத்திரண்டு பை மூன்று வந்தது. மேல் பகுதிக்கு ஆறு. கூட்டினால் ஐம்பது பை மூன்று. இது சரியா என்று சொல்ல அவனிடம் எந்த விடைக்குறிப்பும் இல்லை. ஆனால் ஒரு வழி இருந்தது. ஆர்டரை மாற்றாமல், கேள்வியில் இருந்தபடியே போட்டுப் பார்த்தான். இருபது நிமிஷம் ஆனது. ஏழை இரண்டு முறை அழுத்தினான்.

ஐம்பது பை மூன்று.

இரண்டு பக்கமிருந்து வந்தும் ஒரே இடம். அவன் நாற்காலியில் சாய்ந்தான். யாரும் 'கரெக்ட்' என்று சொல்ல வேண்டியதில்லை. அது சரி என்று அவனுக்கே தெரியும்.

உடனே இன்னொன்றும் தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பவளுடையது தப்பு.

அவள் நாற்காலிக் கால் அவன் ஷூ முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் திரும்புவாள். 'ஆறு' என்று உதட்டை அசைத்தால் போதும். அவள் சாமர்த்தியத்துக்குப் பத்து நிமிஷத்தில் திருத்திவிடுவாள்.

மேடம் அவர்கள் வரிசைக்கு வந்து நின்றார். நின்றபடியே இருந்தார். வாஜித் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஒரு மணிக்கு வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஜோயா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"செம ஈஸிணே. பதினஞ்சு ஏ பாத்தியா? வண்டில கேட்டேனே, அதே சம். நாலு நிமிஷத்துல முடிச்சேன்."

வாஜித் வினாத்தாளை நீட்டினான். "படி."

"படிச்சதுதான."

"இன்னொரு தபா படி."

அவள் படித்தாள். முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. வினாத்தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். ஆறு ஆறாகவே இருந்தது.

"நான் கேள்விய படிக்கவே இல்லணே" என்றாள் தணிந்த குரலில். "இருவது தபா வீட்ல போட்டது. பாத்ததும் கை ஓடிடுச்சு."

வண்டி சீட்டின் மேல் வினாத்தாளைத் திருப்பி வைத்து, அதன் பின்பக்கம் போட ஆரம்பித்தாள். அவன் தாளுக்கு நிழலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்பது பை மூணு" என்றாள் கடைசியில். "உனக்கு?"

"அதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "படம் போட்டியா?"

"போட்டேன்."

பேனாவை மூடியபடி கேட்டாள். "ஹால்ல நான் மூணு பை எட்டு போட்டத நீ பாத்தியா?"

"பெட்டி போட்டு வெச்சிருந்தியே. தெருவுக்கே தெரியும்."

"அப்ப ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல?"

"மேடம் பின்னாடியே நின்னாங்க. தட்டியிருந்தா ரெண்டு பேர் பேப்பரும் போயிருக்கும்."

"மேடம் இல்லன்னா தட்டியிருப்பியா?"

அவன் யோசித்தான். "தெரியல" என்றான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பதினாறு மார்க் போனாலும் பாஸ் நிச்சயம். ஆனால் முதல் கிரேடு போய்விட்டது. ஆகஸ்டிலிருந்து அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி, வண்டிய எடு. கடைக்குப் போலாம்" என்றாள். "என் வாக்கு பரீட்சை வரைக்கும்தான். அது முடிஞ்சிடுச்சு."

"ரிசல்ட் வரட்டும் ஜோயா. பாஸாயிட்டா சொல்ல வேண்டிய அவசியமே இல்லயே."

"அப்ப இன்னும் ஒரு மாசம் நான் அத்தா மூஞ்சிய பாக்காம தோசை துன்னணுமா? என்னால ஆகாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

வாஜித் ஹெல்மெட்டைக் கையிலேயே சுழற்றிக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் அவளை அடக்க ஒரு பதில் அவனிடம் இருந்திருக்கும். இன்று அதைத் தேட மனமில்லை.

"நானே சொல்றேன்" என்றான்.

மேட்சிங் சென்டரில் கூட்டம் குறைந்திருந்த நேரம். பேல் பிரிக்கப்படாமல் வாசலிலேயே கிடந்தது. சாந்தோமிலிருந்து வரும் தையல்காரர் ஆரோக்கியமேரிக்கு நூர் முஹம்மது லைனிங் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டான் பாருங்க எங்க வீட்டு இன்ஜினியரு" என்றார். "பிப்ரவரில வேலைக்குப் போயிடுவான். அப்புறம் எனக்கு பேல் எறக்க ஆளு தேடணும்."

"நல்லா இருக்கட்டும் பாய்" என்றார் ஆரோக்கியமேரி.

தள்ளிப்போட்டால் வாய் வராது என்று வாஜித்துக்குத் தெரிந்தது.

"அத்தா, இன்னிக்கு ஜோயா எழுதினா இல்ல, அந்தப் பரீட்சைய நானும் எழுதினேன்."

"ஏன், அவளுக்குத் தொணையாவா?"

ஆரோக்கியமேரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"இல்லத்தா. எனக்கு அது பாக்கி. மொத வருஷத்துலேந்து. அத முடிக்காம வேலைல சேத்துக்க மாட்டாங்க."

கத்தரி பாதித் துணியில் நின்றது.

"பாய், நான் அப்பால வந்து வாங்கிக்கறேன்" என்றார் ஆரோக்கியமேரி.

"நில்லும்மா. வெட்டினத எடுத்துனு போ." மீதித் துணியையும் நேராக வெட்டி, மடித்து, கவரில் போட்டுக் கொடுத்தார். ஆரோக்கியமேரி படி இறங்கும் வரை காத்திருந்தார்.

"எத்தினி தபா?"

"இன்னியோட அஞ்சு."

"பாதுஷா குடுத்தப்ப பக்கத்துலதான நின்ன?"

"ஆமாத்தா."

"நீயும் ஒண்ணு துன்ன."

"ரெண்டு."

வேலு சட்டென்று உள்ளே போய் அலமாரியில் எதையோ தேடத் தொடங்கினான்.

நூர் முஹம்மது தெருவைப் பார்த்தார். எதிர்க் கடைக்காரர் கை தூக்கி சலாம் சொன்னார். இவரும் கையைத் தூக்கினார்.

"ஃபெயிலானத வுடு" என்றார். குரல் உயரவில்லை. "மொத தபாவுக்கு அப்புறம் நாலு தபா பரீட்சைக்குப் போயிருக்க. நாலு தபாவும் எனக்குத் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாங்கிளாஸ்லேந்து பரீட்சைன்னா நான் தொழாம இருந்ததில்ல. இன்னிக்கும் தொழுதேன். இவளுக்குன்னு கேட்டேன். நீ பக்கத்துல நின்னு லேஸ் கட்டினு இருந்த."

வாஜித் தன் ஷூ லேஸைப் பார்த்தான்.

"அத்தா" என்று குறுக்கே வந்தாள் ஜோயா. "பதினாறு மார்க் கணக்கு ஒண்ணு. அண்ணன் கரெக்டா போட்டிருக்கான். நான் கோட்ட வுட்டுட்டேன்."

"நீயா?" இந்தச் செய்திதான் அவரை அதிகம் உலுக்கியது போலிருந்தது. "பாஸாவியா மாட்டியா?"

"அதெல்லாம் ஆயிடுவேன்."

"நீ?" என்று மகனிடம் திரும்பினார்.

கண்டிப்பாக ஆயிடும் என்று சொல்லிப் பழகிய வாய். வாஜித் மனதுக்குள் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான்.

"அம்பது வரும்னு நெனைக்கிறேன். ஒரு கணக்கு நிச்சயமா சரி. மத்தது ரிசல்ட் வந்தாத்தான் தெரியும்."

நூர் முஹம்மது அவனையே பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"தொழுகைக்குப் போயிட்டு வரேன். அதுக்குள்ள பேலைப் பிரிச்சு அடுக்கு." படியில் நின்று திரும்பினார். "உங்கம்மா கிட்ட நான் சொல்ல மாட்டேன். அதையும் நீதான் சொல்லணும்."

அண்ணனும் தங்கையும் வேலுவோடு சேர்ந்து பேலைப் பிரித்தார்கள். வாஜித்துக்கு உடம்பு லேசாக இருந்தது. ராணி பிங்க் எந்த அடுக்கு, ஆனந்தா நீலம் எந்த அடுக்கு என்று வேலுவிடம் வாய் ஓயாமல் கேட்டான்.

அப்போது போன் அதிர்ந்தது. கம்பெனியிலிருந்து மெயில். எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் ஜனவரி ஒன்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும், அதற்கு மேல் வருபவை ஏற்கப்படாது என்று இருந்தது.

ஜோயா அவன் தோளுக்கு மேலாகப் படித்தாள். "ஜனவரி இருபதாம் தேதிக்கு மேலதான் ரிசல்ட்டுன்னு போர்டுல போட்டிருந்தாங்களே."

"தெரியும்."

இரண்டு பேரும் துணி அடுக்கின் நடுவே நின்றார்கள். தெருக்கோடியில் நூர் முஹம்மதுவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

"அண்ணே, இத இப்ப சொல்லாத" என்றாள் ஜோயா அவசரமாக. "இன்னிக்கு ஒண்ணு போதும். பாவம் அவரு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

வாஜித் போனைப் பைக்குள் போட்டான். நல்ல யோசனைதான். நாளை, பிறகு ஞாயிற்றுக்கிழமை, பிறகு பொங்கல். இந்தக் கணக்கு அவனுக்கு எல்லா ஸ்டெப்பும் தெரிந்த கணக்கு.

நூர் முஹம்மது படி ஏறி வந்தார். அடுக்கைப் பார்த்தார். பச்சையில் ஒன்றை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

வாஜித் போனை மறுபடியும் வெளியே எடுத்தான்.

"அத்தா, இன்னொண்ணு கீது."

அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த துணிக்கட்டைக் காட்டி அவனையும் உட்காரச் சொன்னார்.

"படி" என்றார். "மெதுவா படி. தமிழ்ல சொல்லு."